தனியார் பல் மருத்துவரிடம் அப்பாயின்ட்மென்ட் தவறியதற்குக் கட்டணம் கேட்டால் பிரித்தானியாவில் என்ன செய்யலாம்

பிரித்தானியாவில் உள்ள தனியார் பல் மருத்துவகங்களில் பல, குறித்த நேரத்துக்கு வராதவர்களிடமும் கடைசி நேரத்தில் ரத்து செய்பவர்களிடமும் ஒரு தொகையைக் கேட்கின்றன. அப்படி ஒரு பில் மின்னஞ்சலில் வந்து நிற்கும்போது, சிலர் வம்பு வேண்டாமென்று உடனே கட்டிவிடுகிறார்கள். வேறு சிலர், சிகிச்சையே பெறாததற்கு எதற்குப் பணம் என்ற கோபத்தில் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. இரண்டுமே அவசரமான முடிவுகள். தவறவிட்ட அப்பாயின்ட்மென்டுக்குக் கட்டணம் வசூலிப்பதைத் தடுக்கும் பொதுவான சட்டம் தனியார் சிகிச்சையில் கிடையாது. ஆனால் மருத்துவகம் கேட்டுவிட்டது என்பதாலேயே அந்தத் தொகை கடனாகிவிடுவதும் இல்லை. முன்பதிவு செய்தபோதே இந்தக் கட்டணம் உங்களுக்குத் தெளிவாகத் தெரிவிக்கப்பட்டிருந்ததா, கேட்கப்படும் தொகை மருத்துவகத்துக்கு ஏற்பட்ட இழப்போடு பொருந்துகிறதா என்ற இரண்டு கேள்விகளுக்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்தே எல்லாம் அமையும். கீழே சொல்லப்படும் ஒவ்வொரு வேலையும் இந்த இரண்டுக்கும் விடை தேடுவதுதான்.

முதலில் அது தனியார் அப்பாயின்ட்மென்ட்தானா என்று பாருங்கள்

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், இங்கிலாந்தில் என்எச்எஸ் என்ற அரசு மருத்துவச் சேவையின் பல் சிகிச்சைக்கான அப்பாயின்ட்மென்டைத் தவறவிட்டதற்காக நோயாளியிடம் கட்டணம் வாங்க மருத்துவருக்கு அனுமதி இல்லை. என்எச்எஸுக்கும் பல் மருத்துவர்களுக்கும் இடையே 2006ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த புதிய ஒப்பந்த முறை முதல் இதுவே விதி. வராமல் போனவரின் சிகிச்சையை அத்தோடு முடித்துக்கொள்ளவும், மீண்டும் அவரை ஏற்க மறுக்கவும் மருத்துவகத்தால் முடியும். பணம் மட்டும் கேட்க முடியாது. பிரித்தானியாவின் மற்ற பகுதிகளில் என்எச்எஸ் தனித்தனி விதிகளின்படி இயங்குவதால், அங்கே இருப்பவர்கள் தங்கள் பகுதியின் விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குழப்பம் வருவது, ஒரே கூரையின்கீழ் இரண்டு வகைச் சிகிச்சையும் நடக்கும் மருத்துவகங்களில்தான். பரிசோதனையை என்எச்எஸ் நோயாளியாகச் செய்துகொண்டவருக்கு, பற்களைச் சுத்தம் செய்யும் ஹைஜீனிஸ்டிடம் தனியார் முறையில் நேரம் ஒதுக்கப்பட்டிருக்கும். வரவேற்பு மேசையில் ஒரே மூச்சில் இரண்டையும் பதிவு செய்துவிடுவதால், இரண்டாவது அப்பாயின்ட்மென்ட் தனியார் முறையிலானது என்பது நோயாளிக்கு உறைப்பதே இல்லை. பில் வந்த பிறகுதான் அது தெரிய வருகிறது. அப்படியானால் அது தனியார் சிகிச்சை என்பதும் அதன் விலையும் எப்போது, எப்படி உங்களுக்குச் சொல்லப்பட்டன என்று மருத்துவகத்திடம் கேட்கலாம். பல் மருத்துவத் துறையை ஒழுங்குபடுத்தும் ஜெனரல் டென்டல் கவுன்சில் 2013இல் வெளியிட்ட ஒழுக்க நெறிகள், கட்டணங்களைப் பற்றி நோயாளிக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்றும், எளிய விலைப்பட்டியலை வரவேற்பறையிலோ காத்திருக்கும் இடத்திலோ பார்வைக்கு வைக்க வேண்டும் என்றும் கோருகின்றன.

பேசுவதற்கு முன் ஆவணங்களைத் திரட்டுங்கள்

பில் வந்ததும் தொலைபேசியில் கூப்பிட்டு வாதாடுவது பெரும்பாலும் பயன் தருவதில்லை. எதிர்முனையில் இருப்பவர் வரவேற்பு ஊழியர். கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும் அதிகாரம் பெரும்பாலும் அவரிடம் இருக்காது, கணினித் திரையில் இருக்கும் விதியையே அவர் திரும்பப் படித்துக் காட்டுவார். உங்கள் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு எழுத்தில் பேசுவதே நல்லது.

முன்பதிவு செய்தபோது வந்த குறுஞ்செய்தி, மின்னஞ்சல், அவற்றில் இருக்கும் இணைப்புகள், முதன்முதலில் பதிவு செய்தபோது நிரப்பிய படிவம், மருத்துவகத்தின் இணையதளத்தில் உள்ள விதிமுறைப் பக்கம் ஆகியவற்றைத் தேடி எடுங்கள். இணையதளப் பக்கத்தை அன்றைய தேதி தெரியும்படி படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விதிமுறைகள் இடையில் மாறிவிடுவது உண்டு. நீங்கள் ரத்து செய்யத் தொலைபேசியில் அழைத்திருந்தால், கைபேசியின் அழைப்புப் பட்டியலில் இருக்கும் நேரமும் எத்தனை நிமிடம் பேசினீர்கள் என்பதும் சான்றாகும். பதில் தரும் இயந்திரத்தில் குரல் செய்தி விட்டிருந்தாலும் அந்த அழைப்பின் பதிவு இருக்கும்.

உங்களிடம் இல்லாதவற்றை மருத்துவகத்திடமே கேட்டுப் பெறலாம். உங்களைப் பற்றி ஒரு நிறுவனம் வைத்திருக்கும் தகவல்களின் நகலைக் கேட்டுப் பெறும் உரிமையைத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்குத் தருகிறது. இதற்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை. ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். சிக்கலான கோரிக்கையானால் மேலும் இரண்டு மாதம் நீட்டிக்கலாம். அப்பாயின்ட்மென்ட் எப்போது, யாரால் பதிவு செய்யப்பட்டது, எந்த எண்ணுக்கு எந்த நேரத்தில் நினைவூட்டல் அனுப்பப்பட்டது, உங்கள் கையொப்பம் இருக்கும் படிவம், உங்கள் அழைப்புகளைப் பற்றிய குறிப்புகள் ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். பழைய கைபேசி எண்ணுக்கோ எழுத்துப் பிழையுள்ள மின்னஞ்சல் முகவரிக்கோ செய்திகள் போயிருப்பது இதில் வெளிப்படுவதுண்டு.

என்ன ஒப்புக்கொண்டீர்கள் என்பதைப் படியுங்கள்

தனியார் சிகிச்சை என்பது உங்களுக்கும் மருத்துவகத்துக்கும் இடையிலான ஒப்பந்தம். நீங்கள் நுகர்வோர் என்பதால் 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் அதற்குப் பொருந்துகிறது. அந்தச் சட்டத்தின் 62ஆம் பிரிவு, நியாயமற்ற ஒப்பந்த விதி நுகர்வோரைக் கட்டுப்படுத்தாது என்கிறது. 68ஆம் பிரிவு, எழுத்தில் உள்ள விதிகள் எளிதில் புரியும் மொழியில், படிக்கக்கூடியவையாக இருக்க வேண்டும் என்கிறது. ஒரு விதிக்கு இரண்டு பொருள் கொள்ள முடிந்தால், நுகர்வோருக்குச் சாதகமான பொருளே எடுத்துக்கொள்ளப்படும் என்பது 69ஆம் பிரிவு. இவற்றோடு, நியாயமற்றவையாகக் கருதப்படக்கூடிய விதிகளின் பட்டியல் ஒன்றும் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. ஒப்பந்தம் முடிவாகும் முன் அறிந்துகொள்ள வாய்ப்பே தரப்படாத விதிகளால் நுகர்வோரைக் கட்டிப்போடுவது அவற்றில் ஒன்று.

இதை நடைமுறையில் இப்படிப் பொருத்திப் பார்க்க வேண்டும். பதிவுப் படிவத்தில் கட்டணத் தொகையும் ரத்து செய்வதற்கான கால அவகாசமும் கண்ணில் படும்படி அச்சிடப்பட்டு, அதன் கீழே நீங்கள் கையெழுத்திட்டிருந்தால், படிக்காமல் கையெழுத்திட்டேன் என்ற வாதம் பெரிதாக எடுபடாது. மாறாக, கையெழுத்துப் போட மட்டும் டேப்லெட்டை நீட்டி, விதிமுறைகள் இருக்கும் பக்கத்தைக் காட்டவே இல்லையென்றால், அல்லது அப்பாயின்ட்மென்ட் தவறிய பிறகு வந்த மின்னஞ்சலில்தான் இந்தக் கட்டணம் முதன்முதலாகச் சொல்லப்பட்டது என்றால், உங்கள் நிலை வலுவானது. இணையதளத்தின் அடியில் எங்கோ ஒரு இணைப்பாக விதிமுறைகள் கிடக்க, நீங்கள் தொலைபேசியில் மட்டுமே பதிவு செய்திருந்தால், அந்தப் பக்கம் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டதா என்று கேட்க முழு உரிமை உண்டு. பல ஆண்டுகளாகச் செல்லும் நோயாளிக்கு இன்னொரு கேள்வியும் எழும்: நீங்கள் கையெழுத்திட்ட நாளில் இந்த விதி இருந்ததா, பிறகு சேர்க்கப்பட்டதா? பிறகு சேர்த்ததானால் அதை உங்களுக்கு எப்படி அறிவித்தார்கள்?

கால அவகாசத்தைக் குறிக்கும் சொற்களை ஒவ்வொன்றாகப் படியுங்கள். 48 மணி நேரம் என்பதும் இரண்டு வேலை நாட்கள் என்பதும் ஒன்றல்ல. திங்கட்கிழமை காலைக்கான அப்பாயின்ட்மென்டைச் சனிக்கிழமை அதிகாலையில் மின்னஞ்சல் வழியே ரத்து செய்தவர், விதியில் 48 மணி நேரம் என்று மட்டும் இருந்தால் நேரத்துக்குள் ரத்து செய்தவரே. இரண்டு வேலை நாட்கள் என்று இருந்தால் தாமதித்தவர். விதியில் மணி நேரம் என்று எழுதிவிட்டு, வார இறுதியைக் கணக்கில் சேர்க்க மாட்டோம் என்று மருத்துவகம் பில் அனுப்பினால், மேலே சொன்ன 69ஆம் பிரிவு உங்களுக்கு உதவும். எந்த வழியில் ரத்து செய்ய வேண்டும் என்பதும் அப்படித்தான். தொலைபேசியில் மட்டுமே என்று சொல்லாதவரை, மின்னஞ்சலை ரத்தாக ஏற்க முடியாது என்று அவர்கள் மறுப்பது எளிதல்ல.

நினைவூட்டல் குறுஞ்செய்தியைப் பற்றி ஒரு வார்த்தை. நினைவூட்டல் வரவில்லை என்பதையே பலர் முதல் வாதமாக எடுத்து வைக்கிறார்கள்; தனியாக நின்றால் அது பலவீனமான வாதம். அது ஒரு கூடுதல் வசதி மட்டுமே என்றுதான் பெரும்பாலான மருத்துவகங்கள் சொல்லும், நேரத்தை நினைவில் வைக்கும் பொறுப்பு நோயாளியுடையதே. ஆனால் நினைவூட்டல் அனுப்புவதாக விதிமுறையிலேயே உறுதி சொல்லியிருந்தாலும், வந்த செய்தியில் தேதியோ நேரமோ தவறாக இருந்தாலும் நிலைமை வேறு. பிழை அவர்கள் அனுப்பிய செய்தியில் இருந்தால் அந்தச் செய்தியின் படத்தை இணைத்தாலே பெரும்பாலும் போதும்.

இன்னொருவருக்காகப் பதிவு செய்திருந்தால், ஒப்பந்தம் யாருடையது என்பதையும் பார்க்க வேண்டும். பிள்ளைக்காகப் பெற்றோர் பதிவு செய்யும்போது பில் பெற்றோருக்கு வருவது இயல்பு. வயதான தாயாருக்காக மகன் தன் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்துப் பதிவு செய்திருந்தால், விதிமுறைகள் மகனுக்கே போயிருக்கும். அப்படியிருக்க, தனக்கு எதுவும் வரவில்லை என்று தாயார் எழுதுவது உண்மையானாலும் பயன்படாது. பதிவு செய்தவரே எழுத வேண்டும்.

தொகை நியாயமானதா

விதி தெளிவாக இருந்தது, நீங்களும் ஒப்புக்கொண்டீர்கள் என்றே வைத்துக்கொண்டாலும், எவ்வளவு தொகையையும் கேட்டுவிட முடியாது. கடமையை நிறைவேற்றாத நுகர்வோரிடம் இழப்பீடாக அளவுக்கு மீறிய தொகையைக் கோரும் விதி, அந்த இரண்டாம் அட்டவணையில் வெளிப்படையாக இடம்பெற்றிருக்கிறது. ஒப்பந்தத்திலிருந்து விலகும் நுகர்வோரிடம் அளவுக்கு மீறிய தொகை கேட்பதும் அதே பட்டியலில் உண்டு. நுகர்வோர் சட்டத்தைக் கண்காணிக்கும் போட்டி மற்றும் சந்தைகள் ஆணையமும், ரத்துக் கட்டணம் நிறுவனத்துக்கு ஏற்படும் இழப்பைப் பிரதிபலிக்க வேண்டும் என்றே வழிகாட்டுகிறது.

அந்த இழப்பை எப்படிக் கணக்கிடுவது? நோயாளி வராதபோதும் மருத்துவரும் உதவியாளரும் அறையும் காத்திருக்கின்றன; வாடகையும் ஊதியமும் ஓடிக்கொண்டிருக்கின்றன. இது உண்மையான இழப்புதான், இதை மறுத்து எழுதுவது உங்கள் கடிதத்தின் மதிப்பைக் குறைக்கும். ஆனால் நீங்கள் வராததால் மிச்சமான செலவுகளும் உண்டு. பயன்படுத்தப்படாத பொருட்கள், செயற்கைப் பல் போன்றவற்றைச் செய்து தரும் லேபுக்கு அனுப்பப்படாத வேலை, வேறொரு நோயாளிக்குக் கொடுக்கப்பட்ட அதே நேரம் ஆகியவை அதில் அடங்கும். முப்பது நிமிடப் பரிசோதனைக்கு ஒரு பகுதியைக் கேட்பது ஒரு வகை. பல்லுக்குக் கவசம் பொருத்தும் சிகிச்சையின் முழு விலையையும், அதில் லேப் செலவு அடங்கியிருக்க, சிகிச்சை நடக்காமலே கேட்பது வேறு வகை. முந்தைய நாள் மாலையில் நீங்கள் சொல்லிவிட, காத்திருப்புப் பட்டியலில் இருந்த இன்னொருவர் அந்த நேரத்தைப் பெற்றிருந்தால், இழப்பு எங்கே என்று கேளுங்கள். அந்த நேரம் வேறு யாருக்காவது கொடுக்கப்பட்டதா என்ற ஒற்றைக் கேள்வியே பல சமயம் கடிதத்தின் மிகக் கூர்மையான வரியாக அமைந்துவிடுகிறது.

இங்கே எதிர்ப்பக்க வாதத்தையும் அறிந்து வைத்திருப்பது நல்லது. 2015 நவம்பரில் பிரித்தானிய உச்ச நீதிமன்றம், ஒரு கார் நிறுத்துமிடத்தில் கூடுதல் நேரம் நிறுத்தியவரிடம் பார்க்கிங்ஐ என்ற நிறுவனம் கேட்ட 85 பவுண்டு கட்டணத்தைச் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அந்த நிறுவனத்துக்கு நேரடிப் பண இழப்பு காட்டப்படாதபோதும், இடங்கள் சுழற்சியில் கிடைக்கும்படி பார்ப்பதில் அதற்கு நியாயமான அக்கறை இருந்தது, அறிவிப்புப் பலகைகள் பெரிதாகத் தெளிவாக இருந்தன, தொகை மிகையானதல்ல என்பவை தீர்ப்புக்கான காரணங்கள். நோயாளிகள் சொல்லாமல் வராதிருப்பதைத் தடுப்பதில் தனக்கும் அதே அக்கறை உண்டு என்று ஒரு பல் மருத்துவகம் சொல்ல இடமிருக்கிறது. ஆகவே, இழப்பை நிரூபிக்காவிட்டால் ஒரு பென்னிகூடத் தர மாட்டேன் என்ற பிடிவாதம் உங்களைக் காப்பாற்றும் என்று நினைக்க வேண்டாம். தெளிவான முன்னறிவிப்பும் மிதமான தொகையும் சேர்ந்தால் கட்டணம் நிற்கும். இரண்டில் ஒன்று இல்லாதபோதுதான் உங்கள் வாதத்துக்கு உயிர் வருகிறது.

முன்பணமாக வாங்கிய தொகையை அப்படியே வைத்துக்கொள்வதற்கும் இதே அளவுகோல்தான். திருப்பித் தரப்படாது என்று எழுதிவிட்டதால் மட்டும் எவ்வளவு பெரிய முன்பணத்தையும் வைத்துக்கொள்ள முடியாது. மருத்துவகமே அப்பாயின்ட்மென்டை ரத்து செய்திருந்தால் முன்பணத்தைத் தரத்தான் வேண்டும். நோயாளி ரத்து செய்தால் அபராதம், மருத்துவகம் ரத்து செய்தால் ஒன்றுமில்லை என்ற ஒருதலைப்பட்சமான விதி இருந்தால் அதையும் கடிதத்தில் சுட்டிக்காட்டலாம்.

காரணம் சொல்வது

திடீர் நோய், விபத்து, குடும்பத்தில் ஒரு மரணம் போன்றவற்றுக்குக் கட்டணம் விலக்கப்பட வேண்டும் என்று சட்டம் தனியாகச் சொல்லவில்லை. ஆயினும் பல மருத்துவகங்களின் விதிமுறைகளிலேயே விலக்கு இருக்கும். இல்லாவிட்டாலும், நோயாளியின் கைமீறிய சூழ்நிலைக்கு எந்த இடமும் தராத விதியை நியாயமானது என்று நிறுவுவது அவர்களுக்கு எளிதல்ல என்பது என் கணிப்பு. மருத்துவமனை அனுமதிச் சீட்டு, ரயில் நிறுவனம் சேவையை ரத்து செய்த அறிவிப்பு என்று ஒரே ஒரு சான்றை இணையுங்கள். மூன்று காரணங்களை அடுக்குவது ஒன்றையும் நம்பவிடாமல் செய்துவிடும்.

மாற்றுத்திறனாளிகளுக்கு இதைவிட வலுவான அடிப்படை உண்டு. இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்தில் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம், சேவை வழங்குவோர் நியாயமான மாற்று ஏற்பாடுகளைச் செய்ய வேண்டும் என்கிறது. பார்வைக் குறைபாடு உள்ள ஒருவர், குறுஞ்செய்தி வேண்டாம், தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லுங்கள் என்று முன்பே கேட்டிருந்தும் குறுஞ்செய்தியே அனுப்பப்பட்டிருந்தால், அங்கே வெறும் நினைவூட்டல் சிக்கலாக அது நின்றுவிடுவதில்லை.

கடிதம் எழுதுவது

கடிதத்தை மருத்துவகத்தின் மேலாளருக்கு முகவரியிட்டு மின்னஞ்சலில் அனுப்புங்கள். இது ஒரு முறையான புகார் என்று முதல் வரியிலேயே குறிப்பிடுங்கள். தெளிவான, பயனுள்ள புகார் நடைமுறை இருக்க வேண்டும் என்பது ஜெனரல் டென்டல் கவுன்சிலின் ஒன்பது நெறிகளில் ஐந்தாவது என்பதால், அந்தச் சொல் கடிதத்தை வரவேற்பு மேசையிலிருந்து நகர்த்திவிடும். அப்பாயின்ட்மென்டின் தேதி, பில் எண், தொகை, நடந்தது என்ன என்பதை ஒரு பத்தியில் எழுதுங்கள். அடுத்த பத்தியில் உங்கள் மிக வலுவான வாதத்தை மட்டும் வையுங்கள். எடுத்துக்காட்டாக, சாரம் இப்படி இருக்கலாம்:

“மேற்கண்ட அப்பாயின்ட்மென்டை நான் தொலைபேசி வழியே பதிவு செய்தேன். அப்போதும் அதன் பிறகு வந்த உறுதிச் செய்தியிலும் ரத்துக் கட்டணம் பற்றி எதுவும் குறிப்பிடப்படவில்லை; அந்தச் செய்தியை இணைத்துள்ளேன். இந்தக் கட்டணத்தை நான் எப்போது, எந்த ஆவணத்தின் மூலம் ஒப்புக்கொண்டேன் என்பதையும், தொகை எவ்வாறு கணக்கிடப்பட்டது என்பதையும், அந்த நேரம் வேறு நோயாளிக்கு ஒதுக்கப்பட்டதா என்பதையும் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒப்புதலைக் காட்ட இயலாவிட்டால், 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி இந்தக் கட்டணம் என்னைக் கட்டுப்படுத்தாது என்பது என் நிலைப்பாடு. பில்லை ரத்து செய்து 14 நாட்களுக்குள் எழுத்தில் உறுதிப்படுத்துமாறு வேண்டுகிறேன்.”

இதை ஆங்கிலத்தில் எளிய வாக்கியங்களில் எழுதினால் போதும்; சட்டமொழியைப் போலி செய்ய வேண்டியதில்லை. மருத்துவரின் குணத்தைப் பற்றியோ, பழைய சிகிச்சையில் இருந்த மனக்குறையைப் பற்றியோ இதில் எழுத வேண்டாம். சிகிச்சையின் தரத்தில் புகார் இருந்தால் அதைத் தனிக் கடிதமாக்குங்கள், இல்லையென்றால் பணம் கட்டாமலிருக்கச் சொல்லும் சாக்காகவே அது படிக்கப்படும்.

உங்கள் பக்கம் வலுவான வாதம் இல்லை என்றும் சில நேரங்களில் தெரிய வரும். விதி தெளிவாக இருந்தது, தொகை மிதமானது, நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்றால், சட்டப் பிரிவுகளை அடுக்காமல் நேராகக் கேட்பதே மேல். இதுவரை ஒருமுறையும் தவறியதில்லை, இம்முறை மட்டும் விட்டுக்கொடுங்கள் என்றோ, புதிய அப்பாயின்ட்மென்டின் கட்டணத்தில் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள் என்றோ கேட்டால், நீண்ட கால நோயாளியை இழக்க விரும்பாத மருத்துவகம் இறங்கி வரக்கூடும். மறுத்தால் கட்டிவிடுவதே சரி. சில பத்து பவுண்டுகளுக்காக நம்பகமான பல் மருத்துவரை இழப்பது, புதியவரைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினமாக இருக்கும் இன்றைய நிலையில், வெற்றியாகாது.

மருத்துவகம் மறுத்தால்

தனியார் பல் சிகிச்சை தொடர்பான புகார்களுக்கு டென்டல் கம்ப்ளைன்ட்ஸ் சர்வீஸ் என்ற அமைப்பு 2006 முதல் இயங்கி வருகிறது. ஜெனரல் டென்டல் கவுன்சிலின் நிதியில் நடக்கும் இதன் சேவை இலவசம். மருத்துவகத்திடம் முதலில் புகார் செய்து, அதற்குப் பதில் தர நேரம் கொடுத்த பிறகே இங்கே வர வேண்டும். காலம் தாழ்த்தாமல், ஓராண்டுக்குள் வந்துவிடுவது நல்லது. இது இரு தரப்பையும் பேச வைத்துத் தீர்வு காண முயலும் அமைப்பு, நீதிமன்றம் அல்ல. பில் தொடர்பான உங்கள் கடிதமும் அவர்களின் பதிலும் கையில் இருந்தால் வேலை எளிதாகும்.

தவறான கதவுகளைத் தட்டி நேரத்தை வீணாக்குவதும் அடிக்கடி நடக்கிறது. இங்கிலாந்தில் பல் மருத்துவகங்களைப் பதிவு செய்து ஆய்வு செய்யும் கேர் குவாலிட்டி கமிஷன் தனிநபர் புகார்களைத் தீர்த்து வைப்பதில்லை. நாடாளுமன்ற மற்றும் சுகாதார ஒம்புட்ஸ்மன் என்ற குறைதீர்ப்பாளர், சிகிச்சை தொடர்பான புகார்களில் என்எச்எஸ் சேவைகளைத்தான் விசாரிக்கிறார். சட்ட நிலை பற்றி இலவசமாகக் கேட்க சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற ஆலோசனை அமைப்பு இருக்கிறது.

பணம் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டால்

முன்பதிவின்போது அட்டை விவரத்தை வாங்கி வைத்துக்கொண்டு, தவறியதும் தொகையைத் தாமே எடுத்துக்கொள்ளும் மருத்துவகங்கள் உள்ளன. அட்டை விவரத்தைக் கொடுத்தபோது எதற்கு ஒப்புதல் தந்தீர்கள் என்பதே இங்கே கேள்வி. அந்த ஒப்புதலை நீங்கள் தரவே இல்லையென்றால் அது அனுமதியற்ற பரிவர்த்தனை. 2017ஆம் ஆண்டின் பணச்செலுத்துச் சேவை விதிகளின்படி, அறிந்தவுடன், எப்படியும் 13 மாதங்களுக்குள், வங்கியிடம் சொன்னால் அது திருப்பித் தர வேண்டும். ஒப்புதல் தந்திருந்து தொகை மட்டுமே மிகை என்றால் வங்கியின் வழியாகப் பெறுவது கடினம், மருத்துவகத்தோடு எழுதிப் பேசுவதே வழி. ஒப்புதல் தந்ததை மறைத்து, அனுமதியே இல்லை என்று வங்கியிடம் சொல்லாதீர்கள். கையெழுத்திட்ட படிவத்தை மருத்துவகம் அனுப்பினால் அந்தக் கோரிக்கை அங்கேயே முடிந்துவிடும், பிறகு உங்கள் நியாயமான வாதத்துக்கும் மதிப்பிருக்காது.

வசூல் நிறுவனமும் நீதிமன்றமும்

பில்லைக் கட்டாவிட்டால் கடன் வசூல் நிறுவனம் ஒன்றிடமிருந்து கடிதம் வரலாம். அவர்கள் நீதிமன்ற அமலாக்க அதிகாரிகள் அல்லர். வீட்டுக்குள் நுழையவோ பொருளை எடுக்கவோ அவர்களுக்கு எந்த அதிகாரமும் கிடையாது. தொகை சர்ச்சைக்குரியது, மருத்துவகத்தோடு புகார் நிலுவையில் உள்ளது என்று ஒரே மின்னஞ்சலில் சொல்லி, உங்கள் கடிதத்தின் நகலை இணைத்துவிடுங்கள். நிர்வாகக் கட்டணம் என்று அவர்கள் கூட்டிய தொகைக்கு ஒப்பந்தத்தில் இடமுண்டா என்றும் கேளுங்கள். இந்தக் கட்டத்தில் உங்கள் கடன் மதிப்பெண் பாதிக்கப்படும் என்ற பயம் பலருக்கு உண்டு. வெறும் சர்ச்சைக்குரிய பில்லைவிட, கவனிக்காமல் விட்டு எழும் நீதிமன்றத் தீர்ப்பே அதைக் கெடுக்கக் கூடியது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தனிநபர் மீது கடன் வழக்குத் தொடரும் நிறுவனம், 2017 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள வழக்குக்கு முந்தைய நெறிமுறைப்படி, முதலில் ஒரு கோரிக்கைக் கடிதம் அனுப்பி, பதிலளிக்க 30 நாட்கள் தர வேண்டும். அதோடு வரும் பதில் படிவத்தில், கடனை மறுக்கிறேன் என்ற பெட்டியைக் குறித்து, என்ன ஆவணங்கள் வேண்டும் என்று எழுதி அனுப்புங்கள். இதையும் தாண்டி நீதிமன்றக் கோரிக்கைப் படிவம் வந்துவிட்டால், அது உங்களுக்குக் கிடைத்ததாகக் கருதப்படும் நாளிலிருந்து 14 நாட்களுக்குள் பதிலளிக்க வேண்டும். பெற்றுக்கொண்டேன் என்ற ஒப்புகையை அந்தக் கெடுவுக்குள் அனுப்பினால், எதிர்வாதம் தாக்கல் செய்ய மொத்தம் 28 நாட்கள் கிடைக்கும். பதிலே அனுப்பாவிட்டால் உங்கள் தரப்பைக் கேட்காமலே தீர்ப்பு பதிவாகி, ஆறு ஆண்டுகள் நீதிமன்றத் தீர்ப்புகளின் பதிவேட்டில் நிற்கும். தீர்ப்புக்குப் பின் ஒரு மாதத்துக்குள் முழுத் தொகையையும் கட்டினால் அது நீக்கப்படும். எத்தனை சிறிய தொகையாக இருந்தாலும் நீதிமன்றத்தின் உறையை மட்டும் பிரிக்காமல் வைக்காதீர்கள்.

உள்ளபடி சொன்னால், ஒரு பரிசோதனையின் விலைக்காக வழக்குவரை போகும் மருத்துவகங்கள் அதிகம் இருக்க நியாயமில்லை. அவர்களுக்கும் நீதிமன்றக் கட்டணமும் நேரமும் செலவு. ஆனால் அதை நம்பி முந்தைய கடிதங்களுக்குப் பதில் சொல்லாமல் இருக்கக் கூடாது.

கட்டணம் கட்டும்வரை இனி உங்களைப் பார்க்க மாட்டோம் என்று தனியார் மருத்துவகம் சொல்லலாம், அது அவர்கள் விருப்பம். ஆனால் உங்கள் சிகிச்சைக் குறிப்புகளையும் எக்ஸ்ரே படங்களையும் பணத்துக்காகப் பிடித்து வைக்க முடியாது. வேறு மருத்துவரிடம் மாறுவதாக இருந்தால், முன்பு சொன்ன தரவுக் கோரிக்கையிலேயே அவற்றின் நகலையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள். அண்மையில் எடுத்த எக்ஸ்ரே கையில் இருந்தால், புதிய இடத்தில் அதையே மீண்டும் எடுக்க வேண்டிய செலவு பெரும்பாலும் மிச்சமாகும்.